வண்டி தங்கம், பிரேக் லைட் ஸ்விட்ச் தகரம்

பின்னால் டிரம் பிரேக் உள்ள இந்த 125 சிசி வண்டியைப் பழசாக வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைலேஜும் சீட்டும் அப்படித்தான். எரிச்சலெல்லாம் ஒரே சாமானில் வந்து நிற்கிறது: பின் பிரேக் லைட் ஸ்விட்ச்.

விலை நூறு ரூபாய் அளவில்தான். வைத்திருக்கும் இடம்தான் கோளாறு. பெடலுக்குச் சற்று மேலே, பின் டயர் வாரி அடிக்கும் சேற்றுக்கு நேர் எதிரே. உள்ளே பெரிய வித்தை எதுவும் கிடையாது. பெடலை மிதித்தால் சின்ன ஸ்பிரிங் ஒன்று பிளஞ்சர் என்ற உள்தண்டைக் கீழே இழுக்கும், தகடுகள் தொடும், லைட் எரியும். பிளஞ்சர் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் தகட்டில் களிம்பு ஏறும். வாட்டர் வாஷ் பையன் தண்ணீர் பீய்ச்சும் கன்னை அந்த மூலையில் பிடித்தால் ஐப்பசி மழைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். அதன்பின் லைட் எரியாது, இல்லையென்றால் அணையாது. அணையாததுதான் ஆபத்து. பின்னால் வருபவருக்கு நாம் எப்போது பிரேக் பிடிக்கிறோம் என்றே தெரியாது.

ஸ்விட்சைத் திட்டுவதற்கு முன் பல்பைப் பாருங்கள். 12 வோல்ட் 21/5 வாட் பல்பில் இரண்டு இழை உண்டு. 21 வாட் இழை மட்டும் அறுந்திருந்தால் டெயில் லைட் வழக்கம்போல எரியும், பிரேக் லைட் மட்டும் வராது. முன் லீவரைப் பிடித்தால் லைட் வருகிறதா? அப்படியானால் பல்பு சரி, சிக்கல் பின் ஸ்விட்சிலோ அதற்குப் போகும் வயரிலோதான். இரண்டு ஸ்விட்சும் ஒரே பல்புக்குத் தனித்தனி வழி. அதனால் லைட் அணையாமல் நின்றால் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அணைகிறதோ அதுதான் குற்றவாளி.

எரியவே இல்லையென்றால் பின் ஸ்விட்ச் கனெக்டரைப் பிரித்து, சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கம் இருக்கும் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லைட் வந்தால் ஸ்விட்ச் போச்சு. இரண்டில் ஒன்றில் கரண்ட் இருக்கும். அது ஃபிரேமில் பட்டால் ஃப்யூஸும் போகும்.

மாற்றுவது கால் மணி நேர வேலை. சாவியை ஆஃப் செய்துவிட்டு, நோஸ் பிளையரால் ஸ்பிரிங்கைப் பெடல் பக்கம் கழற்றுங்கள். வயர் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நட்டோடு ஸ்விட்சை பிராக்கெட்டிலிருந்து எடுங்கள். புதுசு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் ஸ்பிரிங் நீளத்தை ஒப்பிடுங்கள். வயர் நுழையும் கழுத்தில் ரப்பர் உறை இல்லாத மலிவுச் சரக்கு அந்த இடத்திலேயே அறுந்துபோகும். கனெக்டருக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவலாம், செயினுக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஸ்விட்சுக்கும் டயருக்கும் நடுவே மறைப்பாகக் கட்டினால் ஆயுள் கூடும். கம்பெனிக்காரனே செய்திருக்க வேண்டிய வேலை இது!

மெக்கானிக்குகள் கோட்டை விடுவது அட்ஜஸ்ட்மென்டில். முதலில் பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் ராடின் நட்டைத் திருகி பெடல் விளையாட்டை, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, சரிசெய்ய வேண்டும். இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. அதன்பிறகே ஸ்விட்ச். ஸ்விட்ச் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். உடலைத் திருகினால் வயர் முறுக்கேறும். உடல் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் வரும், கீழே இறங்கினால் தாமதமாகும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு ஒரு நூல் முன்னால் எரிவதுதான் கணக்கு. ஒவ்வொரு சர்வீஸிலும் ராட் நட்டை இறுக்குகிறார்கள், ஸ்விட்சை யாரும் தொடுவதில்லை. பிரேக் முன்கூட்டிப் பிடிக்கிறது, லைட் பிறகு வருகிறது.

முன் ஸ்விட்ச் அநேகமாகத் தொல்லை தராது. லீவருக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ, இரண்டு முனை, அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை அமுக்கிப் பாருங்கள்.

இனி நண்பருக்குப் பதில். மற்ற எல்லாவற்றுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறு போடுவேன், ஆனாலும் வாங்காதீர்கள். மழைக்கு மழை குனிந்து உட்கார்ந்து ஸ்பிரிங் மாட்டப் பொறுமை உள்ளவர்களுக்கான வண்டி இது. கேட்காமல் பார்க்கத்தான் போவீர்கள் என்றால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை ஆன் செய்து, ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பின் சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டுப் பெடலை இன்னொரு கையால் மெல்ல அமுக்குங்கள். சக்கரம் உரசி நின்ற பிறகுதான் லைட் வருகிறது என்றால் விலையில் ஐந்நூறு குறைத்துக் கேளுங்கள்.