நாற்றுத் தட்டுக்கு மேலே எந்த லைற்? யாழ்ப்பாணத்து வெக்கையில் ஓர் ஒப்பீடு

"வெளியிலை இவ்வளவு வெயில் எரிக்குது, நீ என்ன பிள்ளை அறைக்குள்ளை ரியூப் லைற் போட்டு மிளகாய்க் கண்டு வளக்கிறாய்?" என்று பக்கத்து வளவு மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வந்து நிற்கும் ஊர் இது. ஆனால் இரண்டிலைப் பருவத்துக் கண்டுக்கு அந்த வெயிலும் ஆகாது, ஐப்பசி கார்த்திகை மழையும் ஆகாது. மழை விடாமல் கொட்டும் கிழமைகளில் வெளி நாற்றுமேடையில் கண்டுகள் அடியழுகிச் சரியும். சித்திரையில் ஒரு மத்தியானம் நிழல் கட்ட மறந்தால் அன்று மாலையே கருகிக் கிடக்கும். இடையில் கோழி வேறு. அதனால்தான் மூன்று வருடமாக மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளைச் சாமான் அறையில், பனஞ்சலாகையில் அடித்த தட்டில், விளக்குக்குக் கீழே வளர்க்கிறேன்.

வீட்டுக்குள் விளக்கில் செடி வளர்ப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அங்கே விளக்கின் சூடு ஒரு கொடை. நாற்றுத் தட்டுக்கு அடியிலும் சூடேற்றும் பாய் விரிப்பார்கள். இங்கே நிலைமை நேரெதிர். அறை ஏற்கெனவே 30 பாகையில் இருக்கும்போது விளக்கு தருகிற ஒவ்வொரு பாகையும் பாரம். எந்த விளக்கானாலும் அது இழுக்கிற கரண்ட் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். இலையில் விழுகிற வெளிச்சமும் பெரும்பாலும் அப்படியே. சோக் (ரியூப்புக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் பெட்டி) போட்ட இரண்டு 4 அடி ரியூப்கள் சேர்ந்து ஏறக்குறைய 90 வோட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பூட்டிய சிறு அறைக்குள் ஓர் ஆள் இரவு முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே விளக்கைத் தெரிவு செய்யும்போது எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பதோடு, சூட்டை எந்த இடத்தில் கொட்டுகிறது என்றும் கேட்க வேண்டும். நான் நான்கு வகையைப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது, எல்லா வீட்டிலும் இருக்கிற 36 வோட் ரியூப். 26 மில்லிமீற்றர் தடிப்பு, ரி8 என்பார்கள். சோக் தன் பங்குக்கு இன்னும் 9 வோட் அளவில் தின்னும். குழாயைத் தொட்டால் நடுப்பகுதி இளஞ்சூடு, இரண்டு நுனியும் கொஞ்சம் கூட. சோக்கைத் தொட்டால் கையை இழுத்துவிடுவீர்கள். முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. மூன்று பக்கமும் பலகை அடைத்து, முழு பிற்றிங்கையும் தட்டுக்கு மேலே தொங்கவிட்டேன். ஒரு கிழமையில், சோக் இருந்த பக்கத்துக் கண்டுகள் மட்டும் இலையைக் கீழே கவிழ்த்துக் கிண்ணம் போலச் சுருட்டிக்கொண்டன. காலையில் கோப்பைகளைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கோப்பைகள் இறகு போல இருந்தன, மறுபக்கத்தில் மண் இன்னும் ஈரம். நான் அதைப் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். வீட்டு வயரிங் பார்க்க வந்த அண்ணைதான் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, குழாய் உள்ளுக்கு நிக்கட்டும். சோக்கைக் கழட்டி வெளியிலை சுவரிலை அடிச்சு விடும். வயரை நீட்டினால் காணும்." அவரையே கொண்டு செய்வித்தேன். வெப்பமானியில் இரண்டு பாகை இறங்கியது. புதிதாக வந்த இலைகள் தட்டையாக விரிந்தன.

ரி8 வாங்குபவர்கள் குழாயில் அச்சடித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 765 என்று முடிந்தால் சாதாரணக் குழாய், ஏறக்குறைய 2500 லுமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). 865 என்றால் மூவண்ணப் பூச்சு. அதே 36 வோட்டில் 3200 லுமெனுக்கு மேல் தரும். கடைசி இரண்டு இலக்கமும் நிறம்: 65 என்றால் 6500 கெல்வின், நீலம் கூடிய பகல் வெளிச்சம். நாற்றைக் குட்டையாகவும் தடிப்பாகவும் வைத்திருப்பது இந்த நீலம்தான். மஞ்சள் வெளிச்சக் குழாயை நாற்றுக்கு மட்டும் போட்டால் கண்டு நெட்டையாக ஓடும்.

இரண்டாவது, ரி5. 16 மில்லிமீற்றர் மெலிவு, 28 வோட். நீளம் ரி8-ஐ விட ஐந்து சென்ரிமீற்றர் குறைவு, அதனால் பழைய பிற்றிங்கில் பொருந்தாது. வெக்கையைப் பொறுத்தவரை என் மனதைக் கவர்ந்தது இதுதான். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் சரியாக இருக்கும். அதற்கு மேலே போனால் வெளிச்சம் மங்கும். ரி8 தன் முழு வெளிச்சத்தைத் தருவது சுற்றிலும் 25 பாகை இருக்கும்போது. ரி5-ஐ 35 பாகைக்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். 25 பாகையில் 2600 லுமென் தருவது, 35 பாகையில் 2900 வரை ஏறும். எங்கள் சாமான் அறைக்கென்று செய்தது போல இருக்கிறது, இல்லையா? சோக்குக்குப் பதில் இலத்திரனியல் பலாஸ்ற் என்பதால் சோக் சூடும் கிடையாது. சிக்கல் கிடைப்பதில்தான். இப்போது கடைகளில் ரி5 என்று சொல்லித் தருவது பெரும்பாலும் அந்த வடிவத்தில் வரும் எல்.ஈ.டி. பட்டிகள். உண்மையான குழாய் வேண்டுமென்றால் இரண்டு நுனியிலும் ஊசிகளும் கண்ணாடி உடம்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, சுருள் சி.எஃப்.எல். பல்ப். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 23 வோட் பல்ப் நான்கு போட்டேன், மொத்தம் 92 வோட். வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. நீளக் குழாயின் வெளிச்சம் தட்டு முழுக்கப் பரவும், தூரம் கூடும்போது மெதுவாகக் குறையும். பல்ப்பின் வெளிச்சமோ இரு மடங்கு தூரத்தில் நான்கில் ஒன்றாகிவிடும். கண்டை நெருக்கமாக வைத்தால் நடுவில் மட்டும் சூடு, ஓரத்தில் இருட்டு. அடிப்பாகம் மேலே இருக்கத் தொங்கவிட்டால் சூடு முழுவதும் மேலேறி அதன் உள்ளே இருக்கும் சுற்றைச் சுடும். எனது இரண்டு பல்ப் ஆறு மாதத்தில் போய்விட்டன. ஒற்றைச் சாடிக்கு, மேசை விளக்கில், சரி. அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவது, எல்.ஈ.டி. ரியூப். ஒளிரும் குழாய்களைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 18 வோட், கிட்டத்தட்ட 1800 லுமென். இலக்கம் குறைவாகத் தெரிந்தாலும் அதன் வெளிச்சம் முழுவதும் கீழ்நோக்கியே விழும்; ரி8-இன் வெளிச்சத்தில் பாதி மேலே போய்விடும், அதைத் திருப்ப வெள்ளைப் பூச்சுப் பலகை வேண்டும். கண்டின் மட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சூடு முதுகுப்புறமாக மேலே போகிறது, அதுவும் ரி8-இன் பாதிக்கும் குறைவு. ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரித்தால், இரண்டு ரி8 சோக்குடன் மாதம் 38 யூனிற் அளவில், ரி5 இரண்டு 27 அளவில், எல்.ஈ.டி. இரண்டு 15 அளவில் வரும். பில் கட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பழைய பிற்றிங்கில் மாட்டும்போது சோக்கையும் ஸ்ராட்டரையும் என்ன செய்வது என்பது குழாய்க்குக் குழாய் மாறும், அதை வயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் எல்.ஈ.டி. வாங்குவதே சரி. வீட்டில் நல்ல ரி8 பிற்றிங் சும்மா கிடந்தால் அதை எறிய வேண்டியதில்லை, சோக்கை வெளியே எடுத்துவிட்டால் போதும். அடைத்த தட்டில், காற்றோட்டம் இல்லாத மூலையில், குழாயே வேண்டும் என்றால் ரி5.

எதைப் போட்டாலும் உயரத்தைக் கையால் பாருங்கள். கண்டின் நுனி மட்டத்தில் புறங்கையை ஒரு நிமிடம் பிடியுங்கள். சூடு உறைத்தால் விளக்கை உயர்த்துங்கள். நான் ரி8-ஐ நாற்றுக்கு மேலே மூன்று, நான்கு அங்குலத்தில் வைக்கிறேன், வெக்கை மாதங்களில் ஐந்து. நைலோன் கயிற்றில் தொங்கவிட்டிருப்பதால் கண்டு வளர வளர முடிச்சை ஏற்றுவது இலகு. சூட்டுக்குப் பயந்து ஓரடிக்கு மேல் தூக்கிவிட்டால் தண்டு நூல் போல நீண்டு சரிந்துவிடும். அப்படிப் போன கண்டு பிறகு தேறுவது கடினம்.

அப்புறம் நேரம். எல்லாரும் காலையில் போட்டு இரவில் அணைக்கிறார்கள். நான் இரவு 8 மணிக்குப் போட்டு அடுத்த நாள் காலை 10 மணிக்கு அணைக்கிறேன், ஒரு ரைமர் அதைப் பார்த்துக்கொள்கிறது. விளக்கின் சூடு விடியப்புறக் குளிருக்குள் கரைந்துவிடுகிறது. மத்தியான வெக்கையில் கண்டுகள் இருட்டில் இளைப்பாறுகின்றன. செடிக்குத் தேவை 14 மணித்தியால வெளிச்சமும் மிச்சம் இருட்டும். அது எங்கள் பகலோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. ஒன்று மட்டும்: பிளாற் போட்ட வீடுகளில் கொங்கிறீற் பகல் சூட்டை நடுச்சாமம் வரை கக்கும், அங்கே 10 மணிக்குப் பிறகு போடுவது நல்லது. எங்களுடையது ஓட்டு வீடு.

பழைய கணினியில் இருந்து கழற்றிய ஒரு சின்ன ஃபானும் ஓடுகிறது. இலை மெல்ல ஆடினால் போதும். சூட்டையும் தள்ளும், அடியழுகலையும் குறைக்கும்.

ஆபிரிக்கன் வயலட் வளர்க்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ரியூப் லைற்றுக்குக் கீழே அழகாகப் பூக்கும் செடி அது. ஆனால் அதற்குப் பிடித்தது 18 முதல் 25 பாகை. மார்கழி, தையில் என்னிடம் நன்றாகப் பூத்தது. சித்திரையில் மொட்டோடு கருகியது, எல்.ஈ.டி.க்குக் கீழேயும்தான். கிணற்றுத் தண்ணீரும் அதற்கு ஒத்துவராது. எங்கள் நிலம் சுண்ணாம்புப் பாறை. இலையில் வெள்ளைப் படை கட்டும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

இந்த வருடம் மேல்தட்டுக்கு எல்.ஈ.டி. மாட்டியாயிற்று. கீழ்த்தட்டில் ரி8 இன்னும் ஒரு பருவம் ஓடும். நுனி கறுத்த பழைய குழாய்கள் நான்கைப் புதுக்குழாய் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். உள்ளே பாதரசம் இருப்பதால் உடைத்துக் குப்பைக்குள் போட மனம் வரவில்லை. தப்பித் தவறி உங்கள் வீட்டில் ஒன்று உடைந்தால், சன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் வெளியே வந்துவிடுங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்தாளால் ஒற்றி எடுங்கள்.