வார்டுப் பயிற்சியா, வீட்டுப் பயிற்சியா?

ஆக்குபேஷனல் தெரபி (குளியல், உடுத்தல் போன்ற அன்றாடச் செயல்களை நோயாளிக்கு மீண்டும் பழக்கும் சிகிச்சை) மாணவர்களுக்கு அத்துறையின் உலகக் கூட்டமைப்பு வைத்திருக்கும் வரையறை, குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி. அதில் முதலில் பக்கவாத வார்டு, பிறகு வீடுகள் என்ற வரிசையே எங்கள் தேர்வு.

வார்டில் கை பழகும். உட்காரவைக்குமுன் ரத்த அழுத்தம் பார்ப்பது, உட்கார்ந்தபின் மேல் அளவு 20 குறைந்து தலைசுற்றினால் மீண்டும் படுக்கவைப்பது, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காமல் தோள்பட்டையைத் தாங்குவது (இழுத்தால் மூட்டு நழுவும்) என எல்லாவற்றையும் மேற்பார்வையாளர் அங்கேயே திருத்துவார். ஆனால் கற்றுக்கொடுத்த குளியல் முறை வீட்டில் நடக்கிறதா என்று தெரியாது.

வீட்டில் தெரியும். 15 செ.மீ. வாசற்படிக்கு 1:12 சரிவில் (1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) 180 செ.மீ. சாய்தளம் வேண்டும், சந்தில் அவ்வளவு இடம் இருக்காது. சக்கர நாற்காலி கழிவறைக் கதவில் முட்டும். அளவுநாடா இல்லாமல் போகவே கூடாது. மேற்பார்வை குறைவு என்பதால், தவறான பிடிப்பு இங்கே அப்படியே பழக்கமாகிவிடும்.