டல்சா துப்பாக்கிக் கண்காட்சி: சேகரிப்பாளர் கண்ணில்

ஓக்லஹோமாவின் டல்சாவில் கூடும் வானன்மேக்கர் கண்காட்சியில் மேசைகள் மட்டும் 4,000-க்கு மேல். ஒரே நாளில் சுற்றி முடிக்கலாம் என்று கிளம்பினால் கால்தான் வலிக்கும். வின்செஸ்டர், கோல்ட் (Colt) ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் பழைய துப்பாக்கிகள் இங்கே இன்னும் கிடைக்கின்றன. மற்ற ஊர்க் கண்காட்சிகளில் அந்த மேசைகளை ஏஆர்-15 என்ற நவீன ரைஃபிளின் உதிரிகளும் ஜெர்க்கி (உலர்த்திய இறைச்சி) பொட்டலங்களும் பிடித்துவிட்டன. இணைய ஏலம் வந்தபின் அடிமாட்டு விலைக்கு அமுக்குவதும் போச்சு. விற்பவரே கைபேசியில் விலை பார்த்துவிடுகிறார்.

உலகப் போர்க்கால லூகர் (ஜெர்மன் கைத்துப்பாக்கி) என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன உறுப்புகளில் பொறித்த இரண்டு இலக்கங்கள் சட்டகத்தில் உள்ள வரிசை எண்ணின் கடைசி இரண்டோடு பொருந்த வேண்டும். பொருந்தினாலும் உடனே நம்பாதீர்கள், எண்ணைப் புதிதாகப் பொறிப்பவர்களும் உண்டு. முத்திரை எழுத்து மழுங்கி, விளிம்பு உருண்டிருந்தால் பழைய பூச்சைத் தேய்த்துவிட்டு மறுபடி நீலம் (எஃகின் மேல் கருநீல மெருகு) ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு அசல் விலை கொடுக்காதீர்கள்.