ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், பெண்ணை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு பெற்றோர்கள் என் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவியருள் பெரும்பாலானோர் தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பெண்கள். அவர்களுள் நால்வர் கதீட்ரல் சாலையிலுள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் சேர்ந்து படித்ததை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால், இந்தக் கல்லூரி நம் பகுதிப் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே, மயிலாப்பூர் லஸ் பகுதியில் ஒரு சிறிய மாடிக் கட்டடத்தில் 32 மாணவியருடன் தொடங்கப்பட்ட கல்லூரி இது. நடத்துபவர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபணிச் சகோதரிகள். 1877-இல் நம் உதகமண்டலத்தில் தோன்றிய துறவற சபை அது. 'ஸ்டெல்லா மாரிஸ்' என்ற இலத்தீன் பெயருக்குக் கடலின் விண்மீன் என்று பொருள். கரை தெரியாமல் தவிக்கும் மாலுமிகளுக்கு வழிகாட்டுபவள் என்று மரியன்னையைப் போற்றும் பெயர் இது. கடலுக்குப் போன தந்தை திரும்பும்வரை விளக்கை அணைக்காத வீடுகளில் வளர்ந்த காசிமேட்டுப் பெண்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டியதில்லை என்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கல்லூரியின் வலிமை அதன் தன்னாட்சியில் இருக்கிறது. 1987 முதல் தன்னாட்சிக் கல்லூரியாக இயங்குவதால், பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கினாலும், பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பாகவே உள்ளன. பருவ இறுதியில் பத்து நாள் விழித்துப் படித்துத் தேறிவிடலாம் என்ற பழக்கம் இத்தகைய கல்லூரிகளில் செல்லாது. பருவம் முழுவதும் தொடரும் அகமதிப்பீட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒவ்வொரு கருத்தரங்க உரைக்கும் மதிப்பெண் உண்டு. படிப்பின் தரத்துக்கு இது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலையில் தண்ணீர் பிடித்துச் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பி, மாலையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. இதைப் பெற்றோரிடம் முன்னதாகவே சொல்லி, அந்த மூன்றாண்டுகளுக்காவது வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் பருவம் கடினமானது. பாடமும் உரையாடலும் ஆங்கிலத்தில் நடப்பதால், பள்ளியில் முதலிடம் பெற்றவள்கூட வாய் திறக்க அஞ்சி நிற்பாள். என் மாணவி ஒருத்தி அக்டோபர் மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடப் போவதாகச் சொல்லி அழுதாள். அவளைப் போகவிடாமல் தடுத்தது, 'பகுதி ஒன்று' எனப்படும் மொழிப்பாடப் பிரிவில் வரும் தமிழ் வகுப்பு: அங்கே அவள் பேசினாள், மற்றவர்கள் அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அந்தத் துணிவு மெல்ல மற்ற வகுப்புகளுக்கும் பரவியது. நுண்கலை வரலாறு, சமூகப்பணி போன்ற துறைகளின் பெயரைக்கூடக் கேட்டிராத பெண்கள் அவற்றை ஒரு வாழ்க்கைத் தொழிலாக எண்ணத் தொடங்கியதையும் அங்குதான் பார்த்தேன்.

வரவேற்கும் முறையையும் குறிப்பிட வேண்டும். நகரின் வேறொரு கல்லூரியில், மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நேராக வந்த ஒரு தந்தையிடம், ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஆளை அழைத்து வரும்படி சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் உடனிருந்து பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. ஸ்டெல்லா மாரிஸில் நாங்கள் சென்ற நாளில் அலுவலகத்தில் இருந்த சகோதரி, அதே போன்றதொரு தந்தைக்கு நாற்காலி கொடுத்து, விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் விளக்கினார்.

பயணம் முன்பு பெருந்தடையாக இருந்தது. பாரிமுனைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று என்று போக வேண்டியிருந்தது. 2019-இல் வண்ணாரப்பேட்டை வரையிலும், 2021-இல் விம்கோ நகர் வரையிலும் மெட்ரோ இரயில் வந்த பிறகு, ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கினால் எஞ்சியிருப்பது சிறு தொலைவே.

கட்டணத்தில்தான் எச்சரிக்கை தேவை. அரசு உதவி பெறும் பிரிவுகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்பதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவுகளில் அந்தச் செலவு மாணவியர் தலையில் விழுகிறது. இது எல்லா உதவி பெறும் கல்லூரிகளிலும் உள்ள நிலைதான். உதவி பெறும் பிரிவில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள் என்பேன். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் சுயநிதிப் பிரிவில் சேர்க்க முடியும் என்றால், நம் பிராட்வேயிலேயே 1964 முதல் இயங்கும் அரசு பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அதில் சேர்வதை யாரும் இறக்கமாக எண்ண வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதும் அந்தக் கல்லூரியில்தான்.

ஸ்டெல்லா மாரிஸில் எல்லாச் சமயத்துப் பெண்களும் படிக்கிறார்கள். அதே வேளையில் சிறுபான்மையினர் நிறுவனம் என்ற முறையில் கத்தோலிக்கப் பெண்களின் கல்வி அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. கடற்கரையோரத் தேவாலயப் பங்குகளைச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரியாமலே போகிறது. அவர்கள் சேர்க்கையின்போது காட்டுவதற்காகத் திருமுழுக்கு (ஞானஸ்நான)ச் சான்றையும் சாதிச் சான்றிதழையும் ஏப்ரல் மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுகள் வந்த பிறகு பங்கு அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வரிசையில் நின்று கடைசி நாளைத் தவறவிட்ட பெண்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.