குரலைக் கேட்டே தட்டும் வரிசை சொல்கிறார்களா? டேப்பிங் வகுப்பில் பணம் கட்டும் முன் படியுங்கள்

முகத்திலும் மார்பிலும் விரலால் தட்டினால் பயம், படபடப்பு, பழைய துக்கம் எல்லாம் கரைந்துவிடும் என்று சொல்லும் டேப்பிங் வகுப்புகள் இப்போது தமிழிலேயே நிறைய நடக்கின்றன. அப்படி ஒன்றில் ஒரு பெண் பணத்தையும் தூக்கத்தையும் சேர்த்துத் தொலைத்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அவர் பெயர், ஊர் போடவில்லை. நடத்தியவர் பெயரும் இல்லை, ஏனென்றால் இதே அச்சில் பலர் நடத்துகிறார்கள்.

கணவர் பைக்கில் அடிபட்டதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். கணவர் தேறிவிட்டார். ஆனால் லாரி ஹாரன் கேட்டாலே இவருக்கு நெஞ்சு அடைக்கும், கை வியர்க்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த எஸ்சிடலோபிராம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையில் பாதி சரியாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் 99 ரூபாய் வெபினார் விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி மற்றவர்களின் அனுபவ வீடியோக்கள். கடைசியில், இன்றிரவு 12 மணிக்குள் சேர்ந்தால் 24,999 ரூபாய் வகுப்பு 14,999-க்கு என்றார்கள். சேர்ந்தார். பலன் இல்லையே என்று கேட்டபோது, "உங்க குரலை 30 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க மேடம், அதை வெச்சு உங்களுக்குன்னே தனி வரிசை எடுத்துத் தர்றோம்" என்று இன்னொரு 35,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டினார்.

இந்தக் குரல் வரிசை புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கலிஃபோர்னியாவில் இருந்த ரோஜர் காலஹன் என்ற உளவியலாளர், 1980 வாக்கில், தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒருவரின் கண்ணுக்குக் கீழே தட்டச் சொன்னதில் தொடங்கியது இந்த முறை. அவர் அதற்கு தாட் ஃபீல்ட் தெரபி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு தட்டும் வரிசை என்றார். பிறகு போனில் குரலைக் கேட்டே வரிசையைக் கண்டுபிடிக்கும் 'வாய்ஸ் டெக்னாலஜி' என்று ஒன்றை ஒரு லட்சம் டாலர் கட்டணத்தில் கற்றுக்கொடுத்தார். 1999-இல் அரிசோனா மாநில உளவியலாளர் வாரியம், இந்த முறையையும் குரல் நுட்பத்தையும் பயன்படுத்திய ஓர் உளவியலாளர்மேல் நடவடிக்கை எடுத்தது.

காலஹனிடம் படித்த கேரி கிரெய்க் ஒரு பொறியியல் பட்டதாரி. வரிசை மாறினாலும் பலன் மாறவில்லை என்று கண்டு, 1990-களின் நடுவில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே சுற்றில் அடக்கி, எல்லாருக்கும் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வரிசை என்று எளிமையாக்கினார். இன்று உலகம் முழுக்க இ.எஃப்.டி. (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்ஸ்) என்று சொல்லப்படுவது அதுதான். அதன் கையேட்டை அவர் பல ஆண்டுகள் இலவசமாகவே இணையத்தில் கொடுத்தார். ஆக, அந்தப் பெண்ணிடம் 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தது, இ.எஃப்.டி.யை உருவாக்கிய கிரெய்க்கே தேவையில்லை என்று ஒதுக்கிய சரக்கு.

முழு முறையும் இவ்வளவுதான். முதலில் எதற்காகத் தட்டுகிறோம் என்று ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிமிஷம் அது எவ்வளவு வதைக்கிறது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கையின் இரண்டு மூன்று விரல் நுனிகளால் மறு கையின் ஓரத்தை, அதாவது சுண்டுவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் சதைப்பற்றாக இருக்கும் இடத்தை, தட்டிக்கொண்டே மூன்று முறை சொல்ல வேண்டும்: "எனக்கு இந்தப் படபடப்பு இருந்தாலும், என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்." பிறகு புருவம் மூக்கை ஒட்டித் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்கு நேர் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடு, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவில் உள்ள பள்ளம், காறை எலும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அக்குளுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விலாவில், கடைசியாக உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முதல் ஏழு தட்டு. தட்டும்போது "இந்தப் படபடப்பு" என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். சுற்று முடிந்ததும் ஒரு மூச்சு இழுத்து விட்டு, மறுபடி எண் போடுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இடது பக்கம், வலது பக்கம் எதுவானாலும் சரி. வலிக்கும் அளவுக்குத் தட்டக் கூடாது. கண் ஆபரேஷன் ஆகியிருந்தால் கண்ணைச் சுற்றிய இடங்களை விட்டுவிடலாம். இதற்குமேல் ரகசியம் என்று எதுவும் இல்லை.

எங்கே தப்பாகிறது என்றும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் "உங்களுக்கு வேலை செய்யலையா, அட்வான்ஸ் லெவல் வாங்க" என்ற வியாபாரமே இந்தத் தப்புகளில்தான் ஓடுகிறது. பெரும்பாலோர் "என் வாழ்க்கையே சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லித் தட்டுகிறார்கள். எண் அசையாது. "நேத்து மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினப்ப வயித்துல வந்த இறுக்கம்" என்று ஒரு சம்பவம், ஒரு உணர்ச்சி, உடம்பில் ஓர் இடம் என்று குறுக்கினால்தான் எதை அளக்கிறோம் என்பதே தெரியும். சிலர் ஒரு கோபத்தில் தொடங்கி, நடுவில் அம்மா ஞாபகம் வந்து, கடன் கவலையில் முடிப்பார்கள். எண் குறைந்ததா, விஷயம் மாறியதா என்றே சொல்ல முடியாது. இன்னும் சிலர் 8-இல் இருக்கும்போதே "நான் அமைதியாக இருக்கிறேன், பணம் என்னைத் தேடி வருகிறது" என்று நல்ல வாக்கியங்களுக்குத் தாவிவிடுகிறார்கள். வகுப்புகள் இதைத்தான் அதிகம் செய்கின்றன. எண் போடாமல் குழுவாகச் சேர்ந்து தட்டினால் எல்லாருக்கும் லேசானதுபோல் இருக்கும். பலன் வந்ததா என்று யாரும் சரிபார்க்க மாட்டார்கள், நடத்துபவருக்கு அது வசதி.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கேட்பார்கள். சின்னப் பதற்றங்களில் பலருக்கு எண் குறைகிறது. ஏன் குறைகிறது என்பதில்தான் சண்டை. 2003-இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் 119 கல்லூரி மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சொல்லப்பட்ட புள்ளிகளிலும், இன்னொரு குழு புள்ளியே அல்லாத இடங்களிலும், மூன்றாவது குழு ஒரு பொம்மைமேலும் தட்டியது. நான்காவது குழு தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. தட்டாதவர்களுக்குக் குறையவில்லை. பயத்தை மனதில் நிறுத்திக்கொண்டே கையை வேறு வேலையில் ஈடுபடுத்துவதும், மூச்சு சீராவதும், அளந்து பார்ப்பதும்தான் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ள இதில் நல்ல காரணம் இருக்கிறது. பொம்மைமேல் தட்டினாலே போதும் என்றால், புள்ளியின் துல்லியத்துக்கும், உடம்பில் ஆற்றல் ஓடுவதாகச் சொல்லும் பாதைகளைத் திறக்கிற 'மெரிடியன் அடைப்பு நீக்க'த்துக்கும் தனிக் கட்டணம் எதற்கு?

வகுப்பு நடத்துபவர்கள் காட்டுவது, மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலை அளந்த 2012 ஆய்வு. 83 பேரில் தட்டியவர்களுக்கு ஒரு மணி நேர அமர்வுக்குப் பிறகு கார்டிசால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது, பேசியவர்களுக்கும் சும்மா ஓய்வெடுத்தவர்களுக்கும் சுமார் 14 சதவீதம். ஆய்வு உண்மை. ஆனால் அதை முன்னின்று நடத்தியவரே இ.எஃப்.டி. பயிற்சி கொடுப்பவர் என்பதையும், ஒரே ஓர் அமர்வுக்கு முன்னும் பின்னும் அளந்த கார்டிசாலை வைத்து மனநோய் குணமானதாகச் சொல்ல முடியாது என்பதையும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த வழிகாட்டியில், முக்கியமாகப் பரிந்துரைத்த சிகிச்சைகள், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி.யும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), ஈ.எம்.டி.ஆரும் (கண் அசைவோடு பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை). இ.எஃப்.டி.க்கு இன்னும் ஆய்வு வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது.

இனி, பணத்தைவிட மோசமான பகுதி. அந்தப் பெண் சேர்ந்த ஜூம் வகுப்பில் நூறு பேருக்கு மேல். எல்லார் மைக்கும் அணைக்கப்பட்டிருந்தது. "கண்ணை மூடுங்க, உங்க வாழ்க்கையோட ரொம்ப மோசமான நிமிஷத்துக்குப் போங்க, அங்க இருந்தபடியே தட்டுங்க" என்றார்கள். அவர் ரத்தத்தையும் ஹெல்மெட்டையும் திரும்பப் பார்த்தார். உடம்பு நடுங்கியது, மூச்சு கிடைக்கவில்லை. சாட்டில் எழுதினார். "வெளியே வருது, நல்லதுதான், நிறுத்தாதீங்க" என்று பதில் வந்தது. அன்று முதல் பல இரவுகள் தூங்கவில்லை.

இ.எஃப்.டி. கையேடுகளே இதைச் செய்யக் கூடாது என்கின்றன. பெரிய அதிர்ச்சி உள்ளவரை அந்தக் காட்சிக்குள் நேராக இறக்க மாட்டார்கள். முதலில் காட்சியைப் பார்க்காமல், அதை நினைக்க நேருமே என்ற பயத்துக்கு மட்டும் எண் போட்டுத் தட்டச் சொல்வார்கள். பிறகு அந்தக் காட்சிக்கு ஒரு சினிமா பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு மட்டும். எண் 3-க்குக் கீழே வந்தபிறகுதான் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லவைப்பார்கள், எண் ஏறும் இடத்தில் உடனே நிறுத்துவார்கள். இதற்கு ஒருவருக்கு ஒருவர் முகம் பார்த்து உட்கார வேண்டும். அணைத்த மைக்குடன் நூறு பேர் இருக்கும் அறையில் நடுங்குபவரை யார் கவனிப்பது? ஒருவேளை அப்படி ஒரு வகுப்பில் இருக்கும்போது மூச்சு முட்டினால், கேமராவைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியேறிவிடுங்கள். கண்ணைத் திறந்து, கால் தரையில் படுவதை உணர்ந்து, அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி தட்ட வேண்டாம்.

அடுத்த குற்றம் மாத்திரை. "மருந்து ஆற்றல் ஓட்டத்தைத் தடுக்கும்" என்று சொல்லி எஸ்சிடலோபிராமை நிறுத்தவைத்தார்கள். திடீரென்று நிறுத்தியதும் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற சுரீர் உணர்வு. இந்த வகை மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைக்காமல் விட்டால் வருகிற, டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறிகள் இவை. வகுப்பில் இதற்கு 'ஹீலிங் க்ரைசிஸ்' என்று பெயர். நோயாளி மோசமாவதையே முன்னேற்றம் என்று பெயர் மாற்றிச் சொல்பவரிடம் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. உங்கள் படிப்பு என்ன, ஆர்.சி.ஐ. பதிவு எண் உண்டா? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும், எண்ணை அவர்கள் தளத்தில் சரிபார்க்கலாம். 'இன்டர்நேஷனல் சர்டிஃபைட் மாஸ்டர்' என்பது படிப்பு அல்ல. நடுவில் யாராவது உடைந்து அழுதால் யார் பேசுவார்கள்? பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுத்தில் தருவீர்களா? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கனவே கட்டியவர்கள் விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தப் பெண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறார்.

மனதுக்கு இப்போதே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புற நோயாளிப் பிரிவு உண்டு. வகுப்பில் சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் தானாகப் பழைய அளவில் மறுபடி தொடங்க வேண்டாம். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், அதுவரை எத்தனை மில்லிகிராம் எடுத்தீர்கள், அதன்பிறகு என்னென்ன தொந்தரவு என்று ஒரு தாளில் எழுதி, மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம் நாளைக்கே காட்டுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே 14416-ஐ அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.