பேய் காட்டும் மீட்டர்: பத்து காஜாவிலிருந்து ஒரு மதிப்பீடு

இணையக் கடைகளில் ‘ஆவிகளைக் கண்டறியும் கருவி’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு சிறு மீட்டர், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் பத்து காஜா வட்டாரத்து இளைஞர்கள் பலரின் கையில் இப்போது காணப்படுகிறது. ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான, இப்போது ஆள் இல்லாத பழைய லயங்களுக்கும் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கும் இரவில் அதை எடுத்துச் சென்று காணொளி பிடிக்கிறார்கள். மின்கம்பி வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில், அந்தக் கருவி உண்மையில் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பி 88 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒன்றை வாங்கினேன். தயாரிப்பாளரின் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை. பேய் தேடுவோர் ‘கே-2’ என்று அழைக்கும் வகையைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் இது.

சட்டைப் பையில் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. முகப்பில் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஐந்து விளக்குகள். பொத்தானை அழுத்தியதும் முதல் பச்சை விளக்கு எரிகிறது. காந்தப்புலம் 1.5 மில்லிகாஸைத் தாண்டினால் இரண்டாவதும், 2.5-ஐத் தாண்டினால் மூன்றாவதும், 10-ஐத் தாண்டினால் நான்காவதும், 20-ஐத் தாண்டினால் சிவப்பும் எரியும் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொத்தானைக் கட்டைவிரலால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் சற்றுத் தளர்ந்து மறுபடி அழுந்தினால், கருவி புதிதாக உயிர்பெறுவதால் ஐந்து விளக்குகளும் ஒருமுறை மின்னி அடங்குகின்றன. நடுங்கும் கையோடு இருட்டில் நின்று “இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கும் ஒரு பையனுக்கு அந்த ஒரு மின்னலே பதிலாகிவிடுகிறது.

உள்ளே இருப்பது மாறுதிசை மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை உணரும் ஓர் உணரி. நம் வீடுகளின் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுவதால், ஓட்டம் உள்ள கம்பி, மோட்டார், மின்மாற்றி எதன் அருகில் பிடித்தாலும் இது பேசும். பூமியின் காந்தப்புலம் நம் நாட்டில் ஏறத்தாழ 400 மில்லிகாஸ் இருந்தும், அது நிலையானது என்பதால் இக்கருவிக்குத் தெரிவதில்லை. உணரி ஒரே திசையை மட்டும் பார்ப்பதால், ஒரே இடத்தில் நின்று கருவியைத் திருப்பினாலே விளக்குகள் கூடிக் குறைகின்றன. சிவப்பு விளக்கைக் கண்டு உடல்நலத்துக்காக அஞ்சுவோரும் இருக்கிறார்கள். வீட்டு மின்சார அலைவரிசையில் பொதுமக்களுக்கு 2010-இல் பரிந்துரைக்கப்பட்ட அனைத்துலக வரம்பு 2,000 மில்லிகாஸ், சிவப்பு எரியத் தொடங்குவது அதில் நூற்றில் ஒரு பங்கில்.

மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகப் பாழாகிக் கிடக்கும் ஒரு லயத்தில் இதைச் சோதித்தேன். தூக்கு மாட்டிக்கொண்ட பால்மரத் தொழிலாளி ஒருவர் இன்னும் நடமாடுகிறார் என்று பேசப்படும் கடைசி வீடு, காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையின் இடிபாடு என்று எங்கு பிடித்தாலும் முதல் பச்சைக்கு மேல் ஒரு விளக்கும் எரியவில்லை. கைப்பேசியை அதன் பக்கத்தில் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. செய்தி ஒன்று வந்து சேர்ந்த அந்த நொடியில் சிவப்பு வரை துள்ளியது. ஒரு கையில் மீட்டரும் மறு கையில் கைப்பேசியுமாகப் படம் பிடிப்பவர்களின் காணொளிகளில் ஏன் இத்தனை ‘ஆவிகள்’ வருகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

கெல்லி மாளிகையிலும் இதே கதைதான். விளக்குகளுக்குக் கம்பி போகும் சுவரோரம் எரிந்தது, மற்ற இடங்களில் அடங்கியது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் முடிவுறாமல் நின்றுபோன அந்த மாளிகையின் தாழ்வாரத்தில் துரை இரவில் உலாவுகிறார் என்ற கதையை எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கட்டச் சென்னை மாகாணத்திலிருந்து அழைத்து வரப்பட்ட 70 கைவினைஞர்களையும், ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியபோது தொழிலாளர்கள் கேட்டு எழும்பிய மாரியம்மன் கோவிலையும் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கோவிலின் மேலே தெய்வ உருவங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது. மாளிகைக்கு வருகிறவர்கள் அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்த மதிப்பீட்டை எழுதியே ஆக வேண்டும் என்று என்னைத் தூண்டியது வேறொரு வீடு. தோட்டம் துண்டாடப்பட்ட பின் குறைந்த விலை வீட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் அது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் மகன், தூக்கத்தில் கண் விழித்தும் கைகால் அசைக்க முடியாமல், நெஞ்சின் மேல் யாரோ ஏறி அமுக்குவதாகச் சொல்லி வந்தான். ‘பரிகாரம்’ செய்வதாக வந்த ஓர் ஆள் இதே வகை மீட்டரைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துச் சிவப்பு விளக்கைக் காட்டி, வெளிக்காட்டில் அகாலமாக இறந்தவன் பிள்ளையைப் பிடித்திருப்பதாகச் சொல்லி, 1,200 வெள்ளி கேட்டு, அதில் பாதியை வாங்கியும் போயிருந்தார்.

தலைமாட்டுச் சுவரின் மறுபுறம் சமையலறை. சுவரை ஒட்டி ஐஸ்பெட்டி நின்றது. என் மீட்டரைத் தலையணை மேல் வைத்தபோது ஐந்து விளக்குகளும் எரிந்தன. பையனின் தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். மறுபக்கத்தில் ஐஸ்பெட்டியின் உறுமல் ‘டக்’ என்று நின்ற கணத்தில் விளக்குகள் அணைந்து முதல் பச்சை மட்டும் மிஞ்சியது. உறுமல் மீண்டும் தொடங்கியபோது சிவப்பும் திரும்பியது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு, அவரையே சமையலறைக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன்.

“அப்போ இந்த மெஷின் பொய் சொல்லுதாண்ணே?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“மெஷின் சரியாத்தான் சொல்லுது தங்கச்சி, அங்க மோட்டார் ஓடுதுன்னு. ஆவின்னு சொன்னது அந்த ஆளு.”

கனவு காணும் உறக்கத்தில் உடல் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிடுவதைத்தான் மருத்துவர்கள் உறக்க வாதம் என்கிறார்கள். இரவு வேலை, தூக்கக் குறைவு, மல்லாந்து படுத்தல் ஆகியவற்றால் அது கூடும். காந்தப்புலத்துக்கும் அதற்கும் தொடர்பு காட்ட எதுவும் இல்லாததால், ஐஸ்பெட்டியை நகர்த்தச் சொல்லவில்லை. பையனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்படி மட்டும் சொன்னேன்.

காந்தப்புலம் மூளையைத் தொட்டுப் பேய் உணர்வை எழுப்பலாம் என்ற கருத்தை லண்டனில் கிறிஸ் ஃபிரெஞ்சு என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நேரடியாகச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் அறை ஒன்றில் 79 பேரை ஒவ்வொருவராக 50 நிமிடம் இருக்கச் செய்து, சிலருக்குக் காந்தப்புலத்தையும், சிலருக்குக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியையும், சிலருக்கு இரண்டையும் செலுத்தினார்கள், சிலருக்கு எதையும் செலுத்தவில்லை. தலை சுற்றியது, யாரோ உடனிருந்தார்கள் என்று பலர் சொன்னார்கள். ஆனால் கருவி ஓடியதா இல்லையா என்பதற்கும் அந்த அனுபவங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஏதோ நடக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டதே போதுமான காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நான் நம்பிக்கையைப் பழிப்பவன் அல்லன். தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டிக்கு எலுமிச்சையும் சுருட்டும் வைத்து வணங்கி வளர்ந்தவன், இன்றும் வணங்குகிறேன். இறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலை போட்டுப் படைக்கிறோம், அவர்களுக்குப் பிடித்ததைச் சமைக்கிறோம், பெயர் சொல்லி அழைக்கிறோம். அதே மனிதர்கள் வாழ்ந்து மடிந்த வீட்டு வாசலில் நின்று, விளக்கு எரிந்தால் அலறி ஓடும் காணொளிகள் எனக்கு வேதனை தருகின்றன. அந்தக் கடைசி வீட்டுக்காரருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

ஆவி தேடுவதற்காக இதை வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. சுவருக்குள் ஓட்டமுள்ள கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று ஆணி அடிக்கும் முன் தோராயமாக அறியவும், எந்தச் சாதனம் அணைத்த பின்னும் மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்கவும் பரவாயில்லை. ஆனால் விளக்கு எரியாததைக் கண்டு கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது. ஓட்டம் இல்லாவிட்டாலும் 230 வோல்ட் அழுத்தம் அங்கே இருக்கலாம், அதற்கு டெஸ்ட் பேனாதான் வேண்டும். ஆவியைக் கண்டறியும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு விசாரிக்கிறார்கள். விற்பவரின் விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.