உயிர்வேலி: எந்தச் செடி, எத்தனை கவாத்து?

நர்சரியில் வேலிக்குச் செடி கேட்டால் யோசிக்காமல் மஞ்சள் துராந்தாவைத்தான் எடுத்துத் தருவார்கள். விலை மலிவு, சட்டென்று வளரும், வெயிலில் பொன்னாக மின்னும். அந்த வேகம்தான் வில்லங்கம். மழைக்காலத்தில் மூன்று வாரம் கத்தரியைத் தொடாவிட்டால் தலைவிரி கோலம். மர நிழலில் வைத்தால் மஞ்சள் போய்ப் பச்சையாகிவிடும், அப்புறம் அந்தச் செடி எதற்கு? வெட்டாமல் விட்டாலோ ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அழகுதான், ஆனால் நஞ்சு. எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதில் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

இட்லிப்பூ இதற்கு நேர் எதிர். நிதானமாக வளரும், வருஷத்துக்கு இரண்டு மூன்று கவாத்து, அதாவது கிளை வெட்டு, போதும். பூ கிளை நுனியில் வருவதால், சுவர் மாதிரி செதுக்க ஆசைப்பட்டால் பூவை மறந்துவிட வேண்டியதுதான். சுண்ணாம்பு மண் அதற்கு ஆகாது. இரும்புச்சத்து கிடைக்காமல், தளிரில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்துப்போகும். எங்கள் மண்ணில் அப்படித்தான் ஆனது.

ஆடு மாடு நுழையாமல் இருக்க வேண்டும் என்றால் கொடுக்காப்புளி. விதையை நெருக்கமாக இரண்டு வரிசை ஊன்றினால் முள்ளோடு அடர்ந்துவிடும், வெட்டிய தழை ஆட்டுக்கு ஆகும். ஆனால் பிறவியில் அது மரம். ஒரு வருஷம் அசந்தால் கத்தரி போதாது, அரிவாள்தான். தோட்டத்துக்குச் சரி, வாசலுக்குச் சரிவராது. கொங்குப் பக்கக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காக்கும் கிளுவையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை; கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும்.

என் ஓட்டு மருதாணிக்கு. வறட்சி தாங்கும், பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும், ஆகவே தப்பாக வெட்டினாலும் மன்னித்துவிடும். கவாத்து செய்த நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தழை கேட்டு வந்துவிடுவதால் குப்பை அள்ளும் வேலையும் பாதி மிச்சம். குறை என்றால், வயதான கிளைகளின் நுனி முள்ளாகக் குத்தும். துராந்தா மாதிரி வழவழப்பான சுவரும் கிடைக்காது.

எதை வைத்தாலும் பலர் செய்கிற தவறு ஒன்றுதான்: நினைத்த உயரம் வரும்வரை காத்திருந்து, பிறகு தலையை மட்டும் சீவுவது. மேல்பகுதி குடைபோல விரிந்து கீழே வெயில் மறைய, அடி மொட்டையாகி நாய் புகுந்து போகும். செடி ஓர் அடி இருக்கும்போதே நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளை வரவழையுங்கள். அப்புறம் எப்போது வெட்டினாலும் அடி அகலமாக, மேலே சற்று ஒடுங்கலாக இருக்கட்டும். பலமான கவாத்தை ஆடி, ஆவணியில் முடித்தால் வடகிழக்கு மழைக்குத் தளிர் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஆழமாக வெட்டினால் உள்கிளைகள் காய்ந்துபோகும்.

வெட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டு விலக்கிப் பாருங்கள். போன ஆவணியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. எங்கள் வேலியில் நான்கடி மட்டும் ஒரு மாதம் முடி வெட்டாத பையன் மாதிரி நின்றது.